கொட்டு கூட்டி வந்த ஆள்

கோவில்பட்டி பைபாஸ் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிற வெயிலுமுத்துவுக்கு வயது நாற்பத்தேழு. படிப்பு ஏழாவது. புகைந்துபோன மோட்டாரைத் திறந்து, கருகின செம்புக் கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிக்கை தப்பாமல் சுற்றி வைப்பதுதான் தொழில். ரெண்டு சுற்றுக் கூடக்குறைய ஆனாலும் மோட்டார் முனகும். அப்படிப்பட்டவன் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரே காயிலை மூன்று தடவை பிரித்துப் பிரித்துச் சுற்றினான். பாதியிலேயே எண்ணிக்கை விட்டுப்போனது. காரணம், செல்போனில் வந்து உட்கார்ந்திருந்த ஒரு கேள்வி.

அனுப்பியவள் சபிதா என்கிற தூத்துக்குடிக் கல்லூரிப் பெண். ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்கிற பாட்டு விழாவுக்கு ஓடியாடி ஏற்பாடு செய்கிறவள். அந்த விழாவில் 'முப்பத்தொன்பது டிகிரி' என்ற ராக் பேண்டும் வாசிக்கிறது. நம்ம கோவில்பட்டி பேண்டுதான். மொத்தமே மூன்று பேர். கிடாரும் பாட்டும் டெல்வின், செல்போன் கடை வைத்திருக்கிறவன். பேஸ் கிடார் ஆஸ்லின், நர்சரிப் பள்ளிக்கூடத்து டீச்சர். டிரம்ஸ் வெயிலுமுத்து. மற்ற ரெண்டு பேர் வயதையும் கூட்டினால்தான் இவன் வயது வரும்.

மேடை ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தரைப் பற்றியும் ஒரு நிமிசப் படம் திரையில் ஓடுமாம். உங்களுக்கு இசை எங்கேயிருந்து வந்தது, யாரிடம் கற்றீர்கள், வீட்டில் யார் பாடுவார்கள், இதுதான் கேள்வி. யோசித்து வையுங்கள், வியாழக்கிழமை கேமராவோடு பட்டறைக்கே வருகிறேன் என்று சபிதா எழுதியிருந்தாள்.

மற்ற ரெண்டு பேருக்கும் அது ஒரு கேள்வியே இல்லை. டெல்வின் ஆறு வயதில் சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்தவன். அவன் அப்பா எபநேசர் ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர், சுருதி விலகினால் பெற்ற பிள்ளை என்றும் பார்க்காமல் பைபிளாலேயே மண்டையில் தட்டுவார். ஆஸ்லின் மாதா கோயிலில் கீபோர்டு வாசித்தவள். அண்ணன் சவுதிக்குப் போகும்போது, "இதைத் தொட்டே, கையை முறிச்சிருவேன்" என்று சொல்லிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போன பேஸ் கிடாரை, அவன் ஊர்போய்ச் சேர்ந்த அன்றைக்கே வெளியே எடுத்தவள். ரெண்டு பேரும் சொல்லச் சொல்ல, கேட்கவே நன்றாக இருந்தது.

வெயிலுமுத்துவுக்கு என்ன சொல்ல என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடச் சரியில்லை. தெரியும். அதை வெளியே சொன்னால் குடும்பம் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

இந்தப் பேண்டுக்கு அவன் வந்ததே தற்செயல். ஒரு வருசத்துக்கு முன்னால் டெல்வின் ஒரு ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மரைச் சரிபண்ணக் கொண்டுவந்தான். அவர்கள் டிரம்ஸ் பையன் வேலை கிடைத்து ஓசூருக்குப் போயிருந்த நேரம். பட்டறைக்குள் வெயிலுமுத்து காலி வார்னிஷ் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ரெண்டு ஸ்பேனரால் அடித்துக்கொண்டிருந்தான். டெல்வின் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணாச்சி, எங்கன படிச்சீங்க?"

"எதைலே?"

"இப்ப அடிச்சீங்களே, அதை."

"சும்மா கை ஊறுச்சு. டிரான்ஸ்ஃபார்மருக்கு வெள்ளிக்கிழமை வா."

கை ஊறுச்சு என்கிற பதிலை வைத்துக்கொண்டே ஒரு வருசத்தை ஓட்டிவிட்டான். இனி ஓடாது.

உள்ளது இதுதான். வெயிலுமுத்துவுக்கு இசை வந்தது எழவு வீட்டிலிருந்து.

ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் பருத்தியும் உளுந்தும் விதைக்கிற குடும்பம் அவனுடையது. ஒன்பது வயதில் பக்கத்துத் தெருச் சாவில் முதல்முதலாகக் கொட்டுச் சத்தத்தை அருகில் நின்று கேட்டான். தப்பு ரெண்டு, உறுமி ஒன்று, பம்பை ஒன்று. அடி நெஞ்சுக்குழிக்குள் போய்த் திரும்பி வந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் அதைக் கொடுங்கள், ஒரு அடி அடித்துப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவன் அப்பா கையை ஒடித்திருப்பார். "நம்ம வீட்டுப் பிள்ளை தொடுத சாமானாலே அது?" என்பார். கொட்டுக்காரர்கள் இருக்கும் தெருவுக்கே அவர் அனுப்பமாட்டார். அந்தக் காலத்துப் புத்தி அது, இந்தக் காலத்திலும் முழுசாகப் போய்விடவில்லை. கொட்டுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும், ஏன் நிற்கிறாய் என்று எவனும் கேட்கக் கூடாது என்றால், அதற்கு ஒரே இடம் சாவு வீடுதான்.

ஆகவே போனான். உள்ளூர்ச் சாவு, வெளியூர்ச் சாவு, தெரிந்தவன், தெரியாதவன் என்று பார்க்கவில்லை. சைக்கிள் வாங்கிய பிறகு இருபது கிலோமீட்டர் சுற்றளவில் எவரும் அவனுக்குத் தெரியாமல் சாக முடியவில்லை. சும்மா போய் நின்றால் சந்தேகம் வருமே என்று பந்தக்கால் நட்டான், பெஞ்சு தூக்கினான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். வேலை முடிந்ததும் கொட்டுக்கு எதிரே குத்தவைத்து, வேட்டிக்குள் கையை விட்டு, தொடையில் விரலால் அடிப்பான். தலை குனிந்திருக்கும். கண்ணில் தண்ணீர் ஓடும். பார்க்கிறவர்கள், "யாரு பெத்த பிள்ளையோ, எப்படி அழுதான் பாரு" என்றார்கள். கொட்டு வைக்காத சாவுக்கும், பாட்டு மட்டுமே பாடுகிற சர்ச் வீட்டுச் சாவுக்கும் அவன் போனதே இல்லை. அதை மட்டும் எவரும் கவனிக்கவில்லை. எழவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்கிற தங்கமான பையன் என்று பெயர் வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் வெயிலுமுத்துவுக்கே குழப்பம் வந்தது. அழுகை செத்தவருக்கா, உறுமிக்கா? சில சாவுகளில் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் கடம்பூர்ப் பக்கம் ஒரு பெரியவர் செத்தார். ஊரிலேயே கஞ்சப்பயல் என்று பேர் வாங்கியவர். ஊரார் அவர் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போனால் பக்கத்தில் நின்று குடத்தை எண்ணுவார், மூன்றாவது குடத்துக்குக் கயிற்றைப் பிடுங்கிக்கொள்வார். மூத்த மகன் சங்கரபாண்டியன். கூட்டம் ரொம்ப இல்லை. ஆனால் கொட்டு மட்டும் கிட்டு கோஷ்டி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிட்டு உறுமி தேய்த்தால் கல்லும் கரையும்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. துக்கத்துக்கு உறவுக்காரர்கள் கோடித்துணியோடு வந்தால் தெருமுனையில் நிற்பார்கள். கொட்டு அங்கே போய் அவர்களை எதிர்கொண்டு, அதற்கென்று இருக்கிற ஒரு அடியை அடித்தபடி வீடுவரைக்கும் கூட்டிக்கொண்டு வரும். வாசலில் செத்தவருடைய மக்கள் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பார்கள். வந்தவர்கள் அந்தக் கையைத் தொட்டுத் துக்கம் கேட்பார்கள், அதுவரைக்கும் கொட்டு நிற்காது. உறவுக்காரர்களுக்குத்தான் இந்த மரியாதை. சும்மா வருகிறவனுக்குக் கொட்டு போகாது.

அன்றைக்குத் தெருமுனையில் வெயிலுமுத்து சைக்கிளை நிறுத்துவதைக் கிட்டு பார்த்துவிட்டார். பத்து வருசமாக எந்த ஊரில் அடித்தாலும் எதிரே வந்து குத்தவைக்கிற முகம். பேசிக்கொண்டது கிடையாது. என்ன நினைத்தாரோ, கோஷ்டியைத் திருப்பிக்கொண்டு நேராகத் தெருமுனைக்குப் போனார். அந்த அடியை முழுசாக அடித்து, ஒற்றை ஆளை, கையில் சைக்கிள் சாவியோடு, ஊரே பார்க்க நடு வாசலுக்குக் கூட்டிவந்தார். அவன் வாழ்நாளில் அவனுக்கென்று அடிக்கப்பட்ட முதல் கொட்டு. வெயிலுமுத்து விம்மி விம்மி அழுதான். எதிரே நீட்டியிருந்த கைகளைத் தொட்டான்.

கொட்டு கூட்டிக்கொண்டு வந்த ஆள் யார் என்று அப்பா வழியினர் அம்மா வழியினரைக் கேட்டார்கள், அவர்கள் இவர்களைக் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. சங்கரபாண்டியன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்கப்பாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெயிலுமுத்து வாயில் வந்ததைச் சொன்னான். "அவிய எனக்கு ஒரு நல்லது செஞ்சிருக்காவ."

"எங்கப்பாவா? என்ன செஞ்சாவ?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாவ."

அவ்வளவுதான். விசாரித்தார்கள், பெண் கொடுத்து எடுக்கிற வகையறாதான் என்று தெரிந்தது, அடுத்த வருசம் சங்கரபாண்டியன் தன் மகள் சீனித்தாயை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார். அதோடு முடியவில்லை. எங்கப்பா ரகசியமாக தர்மம் செய்திருக்கிறார், நான்தான் அவரைத் தெரிந்துகொள்ளாமல் போனேன் என்று மருகியவர், கிணற்றை ஊருக்குத் திறந்துவிட்டார். கிணறு வற்றிய பிறகு போர் போட்டு, சித்திரை வைகாசியில் நாள் முழுக்க மோட்டாரை ஓடவிட்டார். "எங்கப்பா மறைச்சுச் செஞ்சாவ, நான் தெரியச் செய்யுதேன்" என்பார். ஒரு பொய், இருபத்திரண்டு வருசமாகத் தண்ணீராக ஊற்றிக்கொண்டிருந்தது. இதைப் போய் எந்த வாயால் கேமராவில் சொல்வது?

யூடியூப் பார்த்துக் கற்றேன் என்று சொல்லிவிடலாம் என்று முடிவுக்கு வந்தான். புதன்கிழமை ஒத்திகையில் ஆஸ்லின் அதற்கும் உலை வைத்தாள்.

"யூடியூப்பா? அண்ணாச்சி, 'வராத பஸ்' பாட்டுல நீங்க அடிக்கிறதை ஒரு வருசமா எண்ணிப் பாக்கேன். நாலுக்கும் வர மாட்டேங்கு, மூணுக்கும் வர மாட்டேங்கு. அது எந்த யூடியூப்ல இருக்கு, லிங்க் அனுப்புங்க."

'வராத பஸ்' அவர்களுடைய மூன்றாவது பாட்டு. சாயந்திர பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனைப் பற்றி டெல்வின் எழுதியது. அதற்கு வெயிலுமுத்து அடித்தது கிட்டுவின் தெருமுனை அடி. காலால் மிதிக்கிற டிரம்மில் பம்பையை வைத்து, ஸ்நேர் டிரம்மில் தப்பை வைத்து அவனே ஒட்டுப்போட்டது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சபிதா வந்தாள். டெல்வினும் ஆஸ்லினும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். கேமராவை நிறுத்தி, விளக்கைப் போட்டு, "பேசுங்க அங்கிள்" என்று சொல்வதற்கும் வாசலில் லோடு ஆட்டோ வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. இறங்கியவர் சங்கரபாண்டியன். ஆட்டோவில் அவருடைய போர் மோட்டார், கையில் மகளுக்குக் கடம்பூர் போளிப் பொட்டலம்.

"மாப்ளே, மோட்டார் புகைஞ்சு போச்சு. ஊருல பொம்பளையெல்லாம் குடத்தோட நிக்காளுவ." சொல்லிவிட்டு விளக்கைப் பார்த்தார். "இது என்ன, கரண்டு ஆபீசுல இருந்தா?"

சபிதா விவரம் சொன்னாள். கிழவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"யம்மா, எங்க மாப்ளைக்குப் பாட்டும் தெரியாது ஒண்ணும் தெரியாது. அதைப் போய்க் கேக்கியே. மனுசன் எப்படின்னு கேளு, நான் சொல்லுதேன். எழுதிக்கோ."

"எழுத வேண்டாம் தாத்தா, ரெக்கார்டு ஆகுது."

"அப்ப ஒழுங்கா உக்காந்து சொல்லணும்." ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். கொட்டு போய்க் கூட்டிவந்தது, அழுதது, வெளியே சொல்லக் கூடாது என்று அப்பா சொன்னது என்று ஒன்று விடாமல் சொன்னார். "எங்கப்பாவை ஊரே கஞ்சம்னு ஏசிச்சு. இந்த ஒரு மனுசன் வந்து அவிய பேரைக் காப்பாத்துனாரு. இதைத் தூத்துக்குடிக்காரன் பூரா பாக்கட்டும்."

சபிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சூப்பர் தாத்தா. இதையே போட்டுறலாம்."

வெயிலுமுத்து கணக்குப் போட்டான். சும்மா இருந்தால் எல்லாம் சுமுகமாக முடியும். ஆனால் திரையில், நாலு ஜனத்துக்கு முன்னால், அதுதான் தன் இசை என்று ஓடும். அப்புறம் கிட்டு எங்கே போவார்? பத்து வருசம் குத்தவைத்துக் கேட்டது எங்கே போகும்?

"மாமா," என்றான். "அப்படி ஒண்ணும் நடக்கலை மாமா."

"எது?"

"நான் கொட்டு கேக்கத்தான் வந்தேன். எல்லாச் சாவுக்கும் கொட்டு கேக்கத்தான் போனேன். நான் அடிக்கதெல்லாம் எளவு வீட்டுல கேட்டது. கிட்டு அண்ணன் என்னை முகம் தெரிஞ்சு கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. நீங்க கேட்டப்ப பயந்துபோயி என்னமோ சொல்லிட்டேன்."

கிழவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். பிறகு, "அப்ப எங்கப்பா உங்களுக்கு ஒண்ணுமே செய்யலையா?" என்றார்.

"செத்தாவ மாமா."

அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. தானாக வந்துவிட்டது. டெல்வின் 'புளுக்' என்று சிரித்தான், ஆஸ்லின் அவன் காலை மிதித்தாள். சங்கரபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போளிப் பொட்டலத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி, வந்த பஸ்ஸில் ஏறிப் போனார். ஆட்டோவிலேயே கிடந்த மோட்டாரை ஆட்டோக்காரன் பட்டறைக்குள் இறக்கிவைத்துவிட்டுப் போனான்.

வீட்டில் சீனித்தாய் போளியைப் பிரிக்கவே இல்லை.

"அப்ப எங்க தாத்தாவுக்காக அழலை?"

"அழுதேன். ஆனா அவருக்கான்னு தெரியலை."

"அன்னைக்கு நான்தான் உங்களுக்குக் காப்பி கொண்டாந்து குடுத்தேன். என்னையவாவது பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பொய்."

"பாத்தேன் சீனி. கொட்டுக்காரங்க காப்பி குடிக்க நிறுத்துன நேரம். அதான் பாத்தேன்."

அவள் தட்டை டங்கென்று வைத்துவிட்டுப் போனாள். உள்ளே போய்ச் சிரித்தாளா அழுதாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான்.

வெள்ளிக்கிழமை சபிதா போன் செய்தாள். "அங்கிள், ரெண்டு வீடியோ இருக்கு. தாத்தா சொன்னது, நீங்க சொன்னது. எதைப் போட?" நாளைக்குச் சொல்கிறேன் என்றான். கிழவருடைய மோட்டாரை எடுத்துக் காயில் கட்ட உட்கார்ந்தான். எதற்குக் கட்டுகிறோம் என்று தெரியவில்லை. அப்பா செய்த தர்மமே இல்லை என்று ஆன பிறகு மகன் எதற்கு மோட்டாரை ஓட்டப்போகிறார்? இருந்தாலும் கட்டினான். இந்தத் தடவை எண்ணிக்கை தப்பவில்லை, அதுவும் ஏன் என்று புரியவில்லை.

சனிக்கிழமை மதியம் சங்கரபாண்டியன் பட்டறைக்கு வந்தார். மோட்டாரைச் சுற்றிவந்து பார்த்தார். "ஓடுமா?" என்றார்.

"ஓடும் மாமா."

"ஆட்டோவுல ஏத்துங்க. நாலு நாளாத் தண்ணி விடலை. தண்ணி எடுக்க வார பெத்தம்மாள் வாசல்ல நின்னு ஏசுதா, உங்கப்பன் புத்தி உனக்கும் வந்துருச்சான்னு." மோட்டார் மேல் கையை வைத்தார். "மாப்ளே, அன்னைக்கு எனக்கு அழுகையே வரலை. பெத்த அப்பா, கண்ணுல ஒரு சொட்டு இல்லை. கைய நீட்டிக்கிட்டு நிக்கேன், வாரவன் போறவன் எல்லாம் என் மூஞ்சியத்தான் பாக்கான். நீங்க வந்து அழுதீங்க. அதைப் பாத்துத்தான் எனக்கு வந்துச்சு. இப்ப நீங்க கொட்டுக்கு அழுதேன்னு சொல்லுதீங்க. அப்ப நான் எதுக்கு அழுதேன்?"

வெயிலுமுத்து சபிதா கேட்டதை மட்டும் சொன்னான், ரெண்டில் எதைப் போடச் சொல்லட்டும் என்று.

"ரெண்டையும் போடச் சொல்லுங்க. பாக்கவன் குழம்பட்டும். நாம மட்டுந்தான் குழம்பணுமா?"

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தூத்துக்குடியில் ரெண்டும் ஓடியது. முதலில் கிழவர், அடுத்து வெயிலுமுத்து. சனம் முதலில் உச்சுக்கொட்டியது, பிறகு சிரித்தது, பிறகு எதற்குச் சிரித்தோம் என்று விழித்தது. முன்வரிசையில் சீனித்தாயும் அவள் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு பாட்டு போனது. மூன்றாவது 'வராத பஸ்'. வெயிலுமுத்து தெருமுனை அடியை எடுத்தான்.

நாலாவது சுற்றில் சங்கரபாண்டியன் எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். ரெண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார், இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் வாசலில் நின்ற மாதிரியே. பின்னால் இருந்த பையன்கள் தாத்தா ஆடப்போகிறார் என்று விசிலடித்தார்கள். சீனித்தாய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை.

அவர் யாருக்கு நிற்கிறார், அப்பாவுக்கா, மருமகனுக்கா, இல்லை தன்னைக் கேலி செய்கிறாரா என்று வெயிலுமுத்துவுக்கு விளங்கவில்லை. அந்த அடிக்கு ஒரு விதி உண்டு, வந்தவன் அந்த நீட்டின கையைத் தொடுகிற வரைக்கும் கொட்டு நிற்கக் கூடாது. பாட்டு முடிகிற இடம் வந்தது. டெல்வின் கிடாரை நிறுத்தினான், ஆஸ்லின் நிறுத்தினாள், ரெண்டு பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். வெயிலுமுத்து அடித்துக்கொண்டே இருந்தான். கீழே அந்தக் கை ரெண்டும் நீட்டியபடியே இருந்தது.

"அண்ணாச்சி, முடிஞ்சு போச்சு" என்றான் டெல்வின்.

"தெரியும்லே. நீ இறங்கிப் போயி அந்தக் கையைத் தொட்டுட்டு வா. அப்பதான் நான் நிறுத்த முடியும்."

டெல்வின் ஒன்றும் புரியாமல், கிடாரை மாட்டியபடியே படியில் இறங்கினான்.